கண்ணுக்குக் கீரையும் வெளிச்சமும்

பள்ளியில் நடந்த கண் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் அந்த மாணவனின் மூக்குக்கண்ணாடியின் ‘பவர்’ ஓராண்டில் 275இலிருந்து 350ஆகக் கூடியிருந்தது. அம்மா கவலைப்பட்டார். பாட்டியோ மறுநாள் காலையிலேயே தேக்கா சந்தைக்குச் சென்று, பொன்னாங்கண்ணிக் கீரையும் முருங்கைக்கீரையும் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார். “தம்பி, இதைத் தினமும் சாப்பிடு. கண்ணாடியையே கழற்றிவிடலாம்” என்றார். மாலையில் வீட்டுக்கு வந்த மாமா, “கண்ணுக்கு நல்லதாம்” என்று ஒரு மூலிகை மாத்திரைப் புட்டியை நீட்டினார்.

கீரையா, மாத்திரையா? எதை நம்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்தக் குழப்பம் பல குடும்பங்களில் உண்டு. இது தீர வேண்டுமானால், கண்ணுக்கு வரும் குறைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் அறிய வேண்டும்.

சத்துக் குறைவால் வருவது

கண்ணின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்ப்பதற்கு அங்குள்ள ரொடாப்சின் என்னும் நிறமி உதவுகிறது. உடல் அந்த நிறமியை உருவாக்க வைட்டமின் ‘ஏ’ வேண்டும். அந்தச் சத்து குறைந்தால் அந்தி சாய்ந்ததும் பார்வை மங்கும். இதையே மாலைக்கண் நோய் என்பர். குறைபாடு மிகும்போது கண்ணின் முன்புறப் படலம் உலர்ந்து புண்ணாகிப் பார்வையே பறிபோகலாம்.

இக்குறைபாடு கண்ணோடு நிற்பதில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சொமரும் அவருடைய குழுவினரும் இந்தோனேசியாவின் அச்சே வட்டாரக் கிராமங்களில் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1986இல் வெளியிட்டனர். ஆண்டுக்கு இருமுறை வைட்டமின் ‘ஏ’ மாத்திரை வழங்கப்பட்ட கிராமங்களில், சிறு பிள்ளைகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சத்து இல்லாத இடத்தில் ஒரு மாத்திரை உயிரையே காக்க முடியும்.

முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, கேரட், பூசணி, பப்பாளி ஆகியவற்றில் பீட்டா கரோட்டின் உள்ளது. உடல் அதனைத் தேவைக்கேற்ப வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது. எண்ணெயுடன் சேரும்போது இச்சத்து உடலில் நன்றாகச் சேர்கிறது. எனவே, கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்துச் சமைப்பது சுவைக்கு மட்டுமன்றிச் சத்துக்கும் நல்லது. பாட்டி கீரையை வாங்கி வந்ததில் தவறே இல்லை.

கேரட் கதை

அப்படியானால், கேரட்டும் கீரையும் அதிகமாகச் சாப்பிட்டால் பார்வை மேலும் கூர்மையாகுமா? இந்த நம்பிக்கை பரவியதற்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், ஜான் கன்னிங்ஹம் என்ற பிரிட்டிஷ் விமானி இரவு நேரத்தில் பகை விமானங்களைச் சுட்டு வீழ்த்தத் தொடங்கினார். விமானத்தில் பொருத்தப்பட்ட புதிய ரேடார் கருவியே அதற்குக் காரணம். ஆனால், அவரைப் போன்ற விமானிகள் கேரட் சாப்பிடுவதால்தான் இருட்டிலும் கண் தெரிகிறது என்ற செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. மக்களும் நம்பினர்.

உண்மையில், உடலில் வைட்டமின் ‘ஏ’ போதுமான அளவில் இருப்பவர் மேலும் மேலும் கேரட் சாப்பிடுவதால் பார்வை கூடுவதில்லை. நிரம்பிய குடத்தில் ஊற்றும் நீர் வழிந்துதான் ஓடும்.

மாத்திரையின் எல்லை

மாமா கொண்டுவந்த புட்டிக்கு வருவோம். கண்ணுக்கான சத்து மாத்திரைகளைப் பற்றி அமெரிக்கத் தேசியக் கண் நிலையம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி, அதன் முடிவை 2001இல் வெளியிட்டது. மூப்பினால் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய், நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்குக் குறிப்பிட்ட வைட்டமின்களும் துத்தநாகமும் கலந்த மாத்திரை பயன் தந்தது. நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. அந்த மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டின், புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் அதற்குப் பதிலாக லூட்டீன், சீயாசாந்தின் ஆகிய சத்துகள் பரிந்துரைக்கப்பட்டன.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரை முதியவர்களின் ஒரு குறிப்பிட்ட நோய்க்கானது. இளையரின் கிட்டப்பார்வைக்கானது அன்று. மேலும், இயற்கையான சத்தாயினும் அளவும் ஆளும் மாறினால் தீங்கு செய்யலாம்.

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள், மருந்துகளைப் போல் விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. அவற்றின் பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. ஆகவே, வாங்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்பது நல்லது. இலைச்சாறு, தேன் போன்றவற்றை நேராகக் கண்ணில் விடுவதோ பெருந்தவறு. தூய்மையற்ற ஒரு துளியே கண்ணில் கிருமித்தொற்றை உண்டாக்கிவிடும்.

வெளிச்சம் என்னும் மருந்து

இளையரின் கிட்டப்பார்வை பெரும்பாலும் சத்துக் குறைவால் வருவதன்று. கண்விழி முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால் வருவது. அதனால் தொலைவில் உள்ள பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. நீண்டுவிட்ட விழியை எந்தக் கீரையும் சுருக்க முடியாது. ஆனால், மேலும் நீள்வதை மெதுவாக்கலாம்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறாம் வகுப்பை எட்டும் மாணவரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை உள்ளது. இதனைக் குறைக்க 2001இல் தேசிய அளவிலான தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் திறந்த வெளியிலோ 10,000 லக்சுக்கும் மேல் இருக்கும். மர நிழலில்கூட வீட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்னும் பொருள் கூடுதலாகச் சுரந்து, விழி நீள்வதைத் தடுக்கிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதையெல்லாம் எளிமையாக எடுத்துச் சொன்ன கண் பரிசோதகர், மாணவனுக்குப் புதிய கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். “கண்ணாடி போடாமல் இருந்தால் கண் தேறும் என்று நினைக்காதே. பவர் மிகவும் கூடினால், பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயமும் கூடும். ஆண்டுதோறும் தவறாமல் வந்து காட்டு” என்றார்.

பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியென்றால் என் கீரை வீண்தானா?” என்று கேட்டார்.

“வீணில்லை, பாட்டி. கீரை கண்ணுக்கு உணவு. என் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் வேண்டுமாம்” என்றான் அவன்.

அன்று மாலை, வெயில் தாழும் முன்பே இருவரும் பூங்காவுக்கு நடந்தனர். கைப்பேசி வீட்டில் இருந்தது. இரவு உணவில் முருங்கைக்கீரைப் பொரியலும் இருந்தது.