டி.டி.டி. பாசிட்டிவ்

நம்பிக்கை: மஜ்ஜை ரிப்போர்ட்டில் ‘டி.டி.டி. பாசிட்டிவ்’ என்று இருந்தால் ரத்தப் புற்றுநோயேதான். அது புற்றணு மட்டுமே தயாரிக்கும் என்சைம்.

உண்மை: முதலில், பூச்சிமருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற என்சைமுக்கு ஆய்வகத்தில் வழங்கும் சுருக்கப் பெயர் இது. விஞ்ஞானிகள் இதை முதலில் பிரித்தெடுத்தது கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தையின் அணுக்களில் இது இருப்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1973-இல்தான் வெளியானது.

டி.என்.ஏ.வை எழுதும் மற்ற என்சைம்கள் பெரும்பாலும் எதிரே ஓர் இழையை வைத்துக்கொண்டு பார்த்து எழுதுபவை. இது பார்க்காமல் எழுதும். மஜ்ஜையிலும் தைமஸிலும் லிம்போசைட் என்ற வெள்ளணு இளசாக இருக்கும்போது ‘ராக்’ என்ற வேறொரு என்சைம் ஜோடி, கிருமியை அடையாளம் காணும் ஏற்பிக்கான மரபணுவைத் துண்டு போடும். துண்டுகள் ஒட்டுவதற்குள் டி.டி.டி. வெட்டுவாயில் தன் இஷ்டத்துக்குச் சில எழுத்துகளைச் செருகிவிடும். இருப்பது நாலே எழுத்து. ஆறு செருகினாலே 4,096 விதம் வந்துவிடும். நாளை எந்தக் கிருமி வருமென்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் இந்தக் கிறுக்கல். அணு முதிர்ந்ததும் என்சைம் நின்றுபோகும்.

லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் அணு அந்த இளம்பருவத்தைத் தாண்டுவதே இல்லை. ஆகவே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இது தெரிகிறது. கீமோ முடிந்து மஜ்ஜை துளிர்க்கும் குழந்தையிடமும் தெரியும்! மைக்ராஸ்கோப்பில், அங்கே புதிதாய் முளைக்கும் நல்ல இளம் அணுக்கள் நோயணுவைப் போலவே இருந்து தொலைக்கும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் புரியும்: நல்லவை இளசு, நடுத்தரம், முதிர்ச்சி என்று படிப்படியாக நிற்கும், நோயணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாகக் குவிந்திருக்கும். ஒற்றை வரியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

நம்பிக்கை: இந்த என்சைமை அடக்கினால் நோய் போய்விடும்.

உண்மை: இல்லை. வழக்கமான சிகிச்சை எதுவும் இதைக் குறிவைப்பதில்லை. ஆனால் இதன் கிறுக்கல் மருத்துவருக்கு உதவுகிறது. முதல் நோயணுவில் செருகிய எழுத்துகள் அதன் வாரிசுகளுக்கெல்லாம் அப்படியே இறங்கும். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கைரேகையை மஜ்ஜையில் தேடி, லட்சம் அணுக்களில் ஒன்று ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.