ராத்தங்கலுக்கு இடம்: எடப்பாடி வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்களுக்கும் ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் உங்கள் மகனுக்கும் நடக்கிற வழக்கில் என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டீர்கள். ஆகஸ்டு மாதம் வீடு போன்ற வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நீங்கள், வீட்டம்மா, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன் என்று ஐந்து பேரும் ஜெர்மனியிலிருந்து பிரான்சு, இத்தாலி வரை சுற்றப் போகிறீர்கள். மகன் ஒவ்வொரு ராத்திரிக்கும் கேம்ப்சைட்டைப் பதிவு செய்யப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். நீங்களோ, "சங்ககிரியில லோடு ஏத்தி குஜராத்து வரைக்கும் போனவன் நான். பொழுது எறங்குன எடத்துல வண்டிய ஓரங்கட்டிப் படுத்தவனுக்கு இப்ப எடம் புடிச்சுக் குடுக்கறாங்களாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துச் சிரித்தேன். ஆனால் உங்கள் பக்கம் முழுசாகச் சாய முடியவில்லை.

முதலில் உங்கள் லாரிக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். பொழுது இறங்கின இடத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தியதே இல்லை. எந்தப் பங்க்கில் டீசல் போட்டால் ராத்திரி முழுக்க உள்ளேயே நிறுத்திக்கொள்ள விடுவார்கள், எந்தத் தாபாவில் குளிக்கத் தண்ணீர் உண்டு, எந்த நீட்டு ரோட்டில் நிறுத்தினால் காலையில் டேங்கில் டீசல் இருக்காது, இதெல்லாம் உங்களுக்கு முன்னால் அந்த ரோட்டில் போன டிரைவர்கள் சொல்லி வைத்தது. டூல்ஸ் பாக்ஸில் ஸ்டவ்வும் அரிசியும் இருந்தன. பின்னால் அதே ரோட்டில் நாமக்கல் வண்டியோ போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ வந்துகொண்டிருக்கும். வண்டி நின்றுபோனால் கை கொடுக்க ஆள் இருந்தது. ரிக் வண்டிக்காரர்களோ மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வண்டியிலேயே குடியிருக்கிறார்கள். கூடவே சாமான் வண்டியும் சமையல்காரரும் போவார்கள். வேலை பேசிக் கொடுக்க உள்ளூரில் ஏஜென்ட் இருப்பார். யாரும் ரசீது போட்டு இடம் பிடிக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் ஊர்க் காவடியை நினைத்துப் பாருங்கள். தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு எடப்பாடி பருவதராஜகுலத்தார் ஆயிரக்கணக்கில் காவடியோடு பழனிக்குப் போகிறார்கள். ராத்திரி நடை சாத்தினால் மற்ற பக்தர்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். எடப்பாடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு ராத்திரி மலைமேலேயே தங்கும் உரிமை உண்டு. டன் கணக்கில் வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் போட்டு மலையிலேயே பஞ்சாமிர்தம் பிசைந்து சாமிக்குப் படைத்து, ஊருக்கும் கொண்டுவந்து பங்கு போடுகிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் ராத்தங்கலுக்கு இதைவிடப் பழைய முன்பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. தலைமுறை தலைமுறையாகப் போய் வந்ததால் அந்த இடம் அவர்களுடையதாக நிற்கிறது. காவடிக் கூட்டம் மலை ஏறும்போது பழமும் சர்க்கரையும் ஏற்கெனவே ஏற்பாடாகியிருக்கும்.

தனியாகவும் நாலைந்து பேராகவும் பழனிக்கு நடக்கிறவர்கள் எதையும் சொல்லி வைப்பதில்லை, உண்மைதான். காங்கேயம், தாராபுரம் வழியில் தை மாதம் பூராவும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும். தோட்டத்துக் களத்தில் துண்டை விரித்துப் படுத்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். அதே களத்தில் ஐப்பசி மாதம் போய்ப் படுத்துப் பாருங்கள், நாய்தான் முதலில் வந்து விசாரிக்கும். எந்த மாதம், எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சலுகை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கேயும் பதிவு செய்யாமல் தங்குவதற்கென்று வழக்கங்கள் ஊன்றிப்போயிருக்கின்றன. ஜெர்மனியில் ஷ்டெல்பிளாட்ஸ் என்று ஊருக்கு ஊர் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் ஊராட்சியோ ஒரு திராட்சைத் தோட்டக்காரரோ நடத்துவது. முதலில் வந்தவருக்கு இடம். காசு போட்டால் கரண்டும் தண்ணீரும் வரும். மோசல் ஆற்றங்கரை ஒயின் கிராமங்களில் இவை வரிசையாக இருக்கின்றன. பிரான்சில் இதற்கு 'எய்ர்' என்று பெயர், இத்தாலியில் 'சோஸ்டா'. 1993-இல் தொடங்கிய பிரான்ஸ் பாசியோன் என்ற அமைப்பு உங்களுக்கு ரொம்பவே பிடிக்கும். வருஷச் சந்தா கட்டி அட்டை வாங்கிவிட்டால், அதில் சேர்ந்த விவசாயிகளும் ஒயின் தயாரிப்பவர்களும் தங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வண்டியை நிறுத்திக்கொள்ள இலவசமாக இடம் தருவார்கள். முன்கூட்டிப் பதிவு கிடையாது. போய் வணக்கம் சொல்ல வேண்டும், புறப்படும்போது நன்றி சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டியோ தேனோ வாங்கினால் சந்தோஷப்படுவார்கள், வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் தாராபுரத்துக் களத்துக்கு அங்கே இருக்கும் நெருங்கிய சொந்தம் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இடங்களெல்லாம் பெரும்பாலும் எஞ்சினும் வீடும் ஒரே உடலாக இருக்கும் மோட்டார்ஹோமுக்கு மட்டும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் கேரவனை அநேகமாக உள்ளே விடமாட்டார்கள். மகன் எதை வாடகைக்குப் பேசியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இழுவை வண்டி என்றால் வழக்கு பாதிக்கு மேல் அவர் பக்கம் தீர்ந்துவிட்டது. இன்னொன்றும் கேளுங்கள்: வண்டியின் மொத்த எடை. அங்கே சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். அந்தக் கணக்கில் வண்டி, தண்ணீர், கேஸ், ஐந்து பேர், வீட்டம்மா கட்டிக்கொண்டு வரும் பருப்புப்பொடி எல்லாம் அடக்கம். போலீஸ் எடை போட்டுப் பார்த்து அபராதம் விதிப்பதும் உண்டு. ஓவர்லோடு பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை.

ரோட்டோரம் எங்கே வேண்டுமானாலும் படுக்கலாமா என்றால், நாட்டுக்கு நாடு மாறும். ஓட்டிக் களைத்தவர் மீண்டும் ஓட்டும் நிலைக்கு வருவதற்காகப் பொது நிறுத்தத்தில் ஒரு ராத்திரி வண்டிக்குள் தூங்குவதை ஜெர்மனியில் தப்பாக எடுப்பதில்லை. நாற்காலியை எடுத்து வெளியே போட்டு, பந்தல் விரித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அது முகாம் ஆகிவிடும். முகாமுக்கு அனுமதி இல்லை. குரோஷியாவில் அனுமதி பெற்ற இடத்துக்கு வெளியே தங்கினால் அபராதம் பலமாக இருக்கும். நெதர்லாந்தும் கண்டிப்பான நாடுதான். ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் போடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், 2003 சட்டம் கொடுக்கும் அந்த உரிமை மோட்டார் இல்லாமல் போகிறவர்களுக்குத்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை. பெரிய நெடுஞ்சாலைகளின் ஓய்வு நிறுத்தங்களில் ராத்திரி படுக்காதீர்கள். முக்கியமாகப் பிரான்சு, ஸ்பெயின் பக்கம் தூங்குகிறவர் வண்டியைத் திறந்து திருடுவது நடக்கிறது. டீசல் திருட்டைப் பார்த்த உங்களுக்கு இது புதிதல்ல.

இத்தனையும் இருக்க, உங்கள் சுதந்திரத்துக்கு உண்மையான எல்லை போடுவது சட்டம் அல்ல, கழிப்பறைப் பெட்டி. லாரியில் உங்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. இந்த வண்டிகளில் கழிப்பறைக்கு அடியில் உருவி எடுக்கிற மாதிரி ஒரு பெட்டி இருக்கும். கொள்ளளவு இருபது லிட்டர் அளவில்தான். ஐந்து பேர் என்றால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதற்கென்று வைத்த இடத்தில்தான் கொட்ட வேண்டும். நல்ல தண்ணீர் டேங்க் நூறு லிட்டர் சுற்றுவட்டம். நம்மாட்கள் குளிக்கிற குளியலுக்கு அது எந்த மூலைக்கு? பல எய்ர்களில் கழிவைக் கொட்டவும் தண்ணீர் பிடிக்கவும் வசதி உண்டு, குளியலறை இராது. ஆகவே இரண்டு ராத்திரி வெளியே தங்கினால் மூன்றாம் ராத்திரி ஒழுங்கான கேம்ப்சைட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். துணி துவைக்கவும் அதுதான் தோது. வீட்டம்மாவிடமும் மருமகளிடமும் இதைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர்கள் இருவர் பேச்சே இல்லை.

இனி காலத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு ஏன் என்று எனக்குப் புரிகிறது, பேரனின் பள்ளி விடுமுறை. ஷ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை போகும். பக்கத்துப் பவேரியாவிலும் ஏறக்குறைய அதே தேதிகள். பிரான்சுக்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்டு இரண்டும் விடுமுறை. இத்தாலியில் ஆகஸ்டு 15 பெரிய பண்டிகை. அந்த வாரம் ஊரே கடற்கரைக்குப் போய்விடும். இந்தக் கூட்டம் வந்து சேருகிற இடங்களில் இத்தாலியின் கார்டா ஏரிக்கரையும் ஒன்று. அதே நேரத்தில் நீங்களும் போய் நின்று இடம் கேட்டால் தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் அறை கேட்ட கதைதான். கடற்கரை, ஏரிக்கரைப் பக்கம் பல கேம்ப்சைட்டுகள் அந்த மாதத்தில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு வாரம் எடுப்பவருக்குத்தான் இடம் கொடுக்கும். ஒரு ராத்திரிக்கென்று வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

கடற்கரை, ஏரிக்கரையை விட்டு உள்ளே தள்ளிப் போனால் நிலைமை வேறு. பிரான்சின் பர்கண்டி, ஆல்சாஸ் மலையடிவாரக் கிராமங்கள், ஜெர்மனியின் மோசல் ஆகிய இடங்களில் ஆகஸ்டிலும் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அநேகமாக இடம் கிடைக்கும். நேரம்தான் முக்கியம். முதல் நாள் தங்கினவர்கள் பத்து முதல் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்வார்கள். ஜெர்மனி, இத்தாலிப் பக்கம் பல கேம்ப்சைட்டுகளில் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை மதிய ஓய்வு. தடுப்புக்கட்டை இறங்கிவிட்டால் வண்டி உள்ளே போகாது. காலை பத்து மணிக்குப் போன் போட்டு இன்றைக்கு இடம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்குள் போய் நிற்பது நல்லது. உங்கள் மகன் ஜெர்மன் பேசுகிறார், இதை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் தட்டுகிற நம் பழக்கம் அங்கே எடுபடாது.

விசா விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பது சரிதான். மகன் வீட்டில் தங்குவதாக அவர் கொடுக்கும் அழைப்பும் உறுதிக் கடிதமும்தான் உங்கள் முக்கியச் சான்று. அதற்காக இருபது கேம்ப்சைட்டுக்கு முன்பணம் கட்டத் தேவையில்லை. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். வண்டியை நீங்களும் ஓட்ட ஆசைப்பட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். வலதுபக்க ரோடு என்பதால் முதல் நாள் மட்டும் மகன் ஓட்டட்டும்.

தீர்ப்புக் கேட்டீர்கள். வண்டி எடுக்கிற முதல் ராத்திரி, திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, கார்டா ஏரியில் ஒரு வாரம் ஆகியவற்றை மட்டும் மகன் பதிவு செய்யட்டும். பிரான்சுக்குள் இருக்கும் நாட்களை உங்களிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் சொல்கிற இடத்தில் வண்டி நிற்கட்டும். பட்டியலில் மீதி இருப்பதை ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்று பார்க்கச் சொல்லுங்கள், இடத்துக்கு இடம் விதி வேறாக இருக்கும். இல்லை, ஒரு ராத்திரிக்குக்கூடப் பதிவு வேண்டாம் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், பேரனை விட்டுவிட்டு நீங்களும் வீட்டம்மாவும் மகனுமாகச் செப்டம்பர் மூன்றாம் வாரம் கிளம்புங்கள். அப்போது ஏரிக்கரையிலேயே அநேகமாக இடம் கிடைக்கும், கட்டணமும் குறைவு.

பேரனோடு ஆகஸ்டில்தான் என்றால், கார்டா ஏரிக்கரை இடங்கள் கோடைக்கு வெகு முன்னாலேயே தீர ஆரம்பித்துவிடும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டு அந்த ஒரு வாரத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.