கடல் தண்ணீர்ப் பாடம்

ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதிக்கொடுக்கும் நம் மக்தபுகளில், சுத்தம் செய்ய ஆகுமான தண்ணீர் ஏழு என்று சிறுவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மழைத் தண்ணீர், கடல் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர், உறைபனித் தண்ணீர், ஆலங்கட்டித் தண்ணீர். கடல் தண்ணீர் வந்ததும் உஸ்தாது ஒரு ஹதீஸையும் சொல்லிக் கொடுப்பார். கப்பலில் செல்லும்போது கையிலிருக்கும் கொஞ்சம் குடிநீரில் ஒளுச் செய்துவிட்டால் தாகத்தில் தவிப்போமே, கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என ஒருவர் வினவினார். அந்நீரும் சுத்தமானதே, அதில் இறந்ததை உண்பதும் ஆகும் என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள்.

பாடம் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடுகிறது. கடலிலிருந்து எதைப் பெறலாம் என்று பிள்ளை தெரிந்துகொள்கிறது. கடலுக்கு எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வதில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14-வது வசனம் கடல் தரும் இறைச்சியையும் அணிகலன்களையும் நினைவூட்டுகிறது. அர்ரூம் அத்தியாயத்தின் 41-வது வசனமோ, மனிதர் கைகள் செய்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவதை எச்சரிக்கிறது. முன்னதை ஓதிக்கொடுத்துப் பின்னதை விட்டுவிட்டால் அது அரைப் பாடம்தான்.

முழுப் பாடம் நடத்திக் காட்டிய ஓர் இடம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸன்ஸிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவுக்கு மேற்கே மிஸாலி என்றொரு சிறு தீவு இருக்கிறது. கிள்று (அலை) அவர்கள் அங்கே தொழுகை விரிப்புக் கேட்டதாகவும், இல்லையென்றதும் இத்தீவே விரிப்பாகட்டும் என்றதாகவும் அவ்வூரார் சொல்வர். (இது ஊர்க் கதை, மார்க்க ஆதாரமாக நாம் கொள்வதற்கில்லை.) அத்தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகள், கரையில் கடலாமைகள் முட்டையிடும். மீனவர்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். அவர்களில் சிலர் வெடி வைத்து மீன் பிடித்து வந்தனர்.

வெடி அதிர்ச்சியில் மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை கிழிந்துவிடும். செத்தவற்றில் பல மிதக்காமல் அடியில் போய்விடும். குஞ்சுகளும் மிஞ்சா. ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும், இனத்தைப் பொறுத்து அரை அங்குலம்கூட வளராத, பவளப்பாறை நொறுங்கிச் சல்லியாகும். உருளும் சல்லியில் புதுப் பவளம் வேர்கொள்ளாது. ஒரு நாள் மீனுக்காகப் பேரன் காலத்து மீனையும் அழிப்பது இது.

1998-ல் மிஸாலி பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சட்டம் படகோடு கூடவே செல்லுமா? பின்னர், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இஸ்லாமியச் சுற்றுச்சூழல் அமைப்பினர் மீனவர்களையும் மார்க்க ஆசிரியர்களையும் கூட்டி, திருக்குர்ஆன் போதனைகளை முன்வைத்துப் பேசினர். படைப்பில் அல்லாஹ் வைத்த மீஸான் என்னும் சமநிலையையும், மனிதன் பூமியில் பொறுப்பாளன் என்பதையும் எடுத்துரைத்தனர். குர்ஆன் பள்ளி ஆசிரியர்களுக்கென ஒரு வழிகாட்டி நூலும் தயாரிக்கப்பட்டது. தந்தைக்கு வலையிலே பாடம், மகனுக்குப் பலகையிலே பாடம்! நமக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது ஏற்பாடே.

கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: “செத்த மீனும் ஹலால்தானே ஹஜ்ரத், வெடி வைத்தால் என்ன?” இக்கேள்வியை அதட்டி அடக்கலாகாது. மீன் ஹலால் என்பதால் அதைப் பிடிக்கும் எல்லா வழிகளும் ஹலாலாகிவிடா என்று சொல்ல வேண்டும். உண்ணப்படாமல் அழியும் மீன் வீண்விரயம். அடுத்த மீனவனின் பிழைப்பைக் கெடுப்பது பிறருக்குத் தீங்கு. இரண்டையும் மார்க்கம் தடுத்தே இருக்கிறது.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மீஸான் என்ற சொல் வேண்டியதில்லை. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று எண்ணி ஆமை விழுங்குவதைச் சொன்னால் போதும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்ற ஹதீஸ் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆமைக்குப் பாதை எது என்று கேட்டுவிட்டு, பதிலை அவர்களே சொல்லும்வரை உஸ்தாது சற்றுப் பொறுத்திருக்கட்டும்.