மேப் டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட 227

உடையார்பாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

மாமா செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரின் திரையில் நம் ஊர்ச் சாலைக்கு இன்னும் 227 என்றுதான் எண் வருகிறது என்று எழுதியிருந்தாய். நன்றாகத்தான் கவனித்திருக்கிறாய். அடுத்த வரியில் "சாட்டிலைட் அப்டேட் ஆகலையா சார்?" என்று கேட்டாயே, அங்கேதான் இந்த வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறியது. டீக்கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் இதே பேச்சுதான். மேலேயிருந்து சாட்டிலைட் ரோட்டைப் பார்க்கிறதாம், பார்த்ததைக் காருக்குச் சொல்கிறதாம்!

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுக்கு ரோடும் தெரியாது, உடையார்பாளையமும் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தன் கடிகார நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்புகிறது. கீழே யார் கேட்கிறார்கள் என்பதுகூட அதற்குத் தெரியாது. நான்கு சாட்டிலைட்டின் சிக்னல் கிடைத்தால், கார் தானே கணக்குப் போட்டுத் தன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கண்டுகொள்ளும். அந்தப் புள்ளி எந்தத் தெரு, அடுத்து இடமா வலமா என்பதெல்லாம் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து டிஸ்க்கில் எழுதிவைத்த சமாசாரம்.

இன்னொன்றும் கேள். காருக்குள் முதலில் வந்தது மேப்தான். சாட்டிலைட் பின்னால் வந்தது. 1981-இல் ஹோண்டா ஜப்பானில் கொண்டுவந்த எலெக்ட்ரோ கைரோகேட்டரில், மேப் அச்சிட்ட ஃபிலிமைத் திரைமேல் செருகவேண்டும். வண்டி திரும்புவதைக் கைரோ உணரும், ஓடிய தூரம் சக்கரத்திலிருந்து வரும். 1985-இல் அமெரிக்காவின் ஈடாக் கம்பெனி மேப்பைக் கேசட்டில் கொடுத்தது. 1987-இல் டொயோட்டா கிரவுன் காரில் சிடி. ஜிபிஎஸ் காரோடு சேர்ந்து வந்தது 1990-இல், மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோவில்.

சரி, 227-க்கு வருவோம். திருச்சியிலிருந்து லால்குடி, கீழப்பழுவூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரம் போகும் சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 227 என்று பெயர் இருந்தது. 2010-இல் மத்திய அரசு நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றியது. கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் வரை ஒரே சாலையாகச் சேர்ந்து 81 ஆனது. கெஜட்டில் ஒரே நாளில் மாறிவிடும். மைல்கல்லிலும் மேப் கம்பெனியின் தகவல் கிடங்கிலும் மாறுவதற்கு வருஷங்கள் ஆகும். ஆகவே மாமாவின் கார் பொய் சொல்லவில்லை. டிஸ்க்குக்குத் தகவல் திரட்டிய காலத்தில் நிலைமை அப்படி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாவட்டத்தையும் பார். உடையார்பாளையம் ஓர் அடிகூட நகரவில்லை. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர். 2001 ஜனவரியில் அரியலூர். 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். இடையில் எந்த வருஷம் டிஸ்க் அடித்திருந்தாலும் அடுத்த சில வருஷத்தில் விலாசம் தப்பாகியிருக்கும்! உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்திருக்கிறாயோ? 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அரியலூர், குன்னம் என்று அவர் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உடையார்பாளையம் ஜமீனும் வரும், அங்கே ஆதரவு பெற்ற கனம் கிருஷ்ணையரும் வருவார். உ.வே.சா.வின் தந்தை சங்கீதம் கற்றது அவரிடம்தான். அன்றைக்கு நம் ஊர் திருச்சிராப்பள்ளி ஜில்லா. பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் திசைமாறிவிடும், அந்த அத்தியாயங்களை நீயே படி.

எண்ணும் மாவட்டமும் எழுத்து மாற்றம்தான். சாலையே மாறினால்தான் வேடிக்கை. கல்லகம்–மீன்சுருட்டி இடையே 60 கிலோமீட்டர் அகலப்படுத்தி, 2024 ஜனவரி 2 அன்று திருச்சியில் நடந்த விழாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். பழைய டிஸ்க்குள்ள கார், பழைய தடத்தை விட்டு விலகும் புதுச் சாலையில் ஏறினால் என்ன ஆகும்? கணக்குப் போட்ட புள்ளியை எப்படியாவது பக்கத்திலுள்ள ஒரு சாலையோடு ஒட்டவைக்க நிரல் முயலும். கொஞ்ச தூரம் அம்புக்குறி பழைய சாலையிலேயே போவதாகக் காட்டும். இடைவெளி கூடியதும் பிடி விட்டுப்போகும், கார் கொல்லையில் உழுவது போலத் திரையில் தனியாக ஓடும், 'யூ டர்ன் எடுங்கள்' என்று குரல் கெஞ்சும். சாட்டிலைட் அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது!

இனி டிஸ்க் மாற்றும் வேலை. முதலில் காரில் எந்த வகை என்று பார்க்கவேண்டும். சிலவற்றில் டிவிடியே மேப்; வண்டி ஓடும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருக்கும், ஆகையால் டிரைவுக்குள்ளேயே இருக்கவேண்டும். டிரைவ் சில கார்களில் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ ஒளிந்திருக்கும். வேறு சிலவற்றில் உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. டிவிடியிலிருந்து மேப்பைக் காப்பி செய்துகொண்டபின் வெளியே எடுத்துவிடலாம். இந்த வகையில் பொறுமை வேண்டும். முதலில் நிரல் ஏறும், பிறகு மேப் ஏறும். பாதியில் இன்ஜினை அணைத்தாலோ பேட்டரி இறங்கினாலோ பெட்டி செயலிழந்துபோகலாம். சில கம்பெனிகள் அந்தந்தக் காருக்கென்று தனிக் குறியீட்டு எண்ணும் கேட்கும். சிமெண்ட் லாரி ஓடும் நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, தூசி. லென்ஸில் தூசி படிந்து 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று வந்தால், புது டிஸ்க் வாங்குமுன் லென்ஸைத் துடைக்கச் சொல்.

புது டிஸ்க் என்றதும் இன்றைய சாலையெல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்காதே. ஒரு தேதியோடு தகவலை நிறுத்தி, சரிபார்த்து, டிஸ்க் அடித்து, கடைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வாங்கும்போதே அது போன வருஷப் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்திலாவது அட்டையிலேயே வருஷத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மேப் டிஸ்க்கில் கம்பெனி பெயர் பெரிதாகவும் பதிப்பு ஆண்டு எறும்பு எழுத்திலும் இருக்கிறதே, அதைத் தலைகீழாக்கவேண்டும் என்பது இந்தக் கிழவனின் நெடுநாள் வாதம்.

டிஸ்க் எதற்குமே உதவாத ஊரும் உண்டு. இலங்கைக்கு ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் கார்கள் வந்து இறங்குகின்றன. அவற்றிலுள்ள மேப் ஜப்பானுக்கு மட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஜப்பானிய எழுத்தில் மேப் டிஸ்க்கையோ கார்டையோ கேட்டுவிட்டுச் சில பெட்டிகள் அப்படியே நின்றுவிடும், பாட்டுக்கூடக் கேட்கமுடியாது. ஜப்பானிய எஃப்எம் அலைவரிசையே வேறு, அதற்கும் தனியாக ஒரு கருவி மாட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தெருவைத் தேட அங்கே எல்லோரும் கைபேசியைத்தான் எடுக்கிறார்கள்.

மாமா புது டிஸ்க்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்து பார். காரில் கும்பகோணத்துக்கு வழி கேள். கொள்ளிடத்தைத் தாண்ட, தா.பழூர் பக்கம் மதனத்தூரிலிருந்து நீலத்தநல்லூருக்கு இப்போது பாலம் இருக்கிறது. பழைய டிஸ்க்குக்கு அது தெரியாது. அணைக்கரைக்கு அனுப்பி, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை வழியாகச் சுற்றவிடும். பிறகு செட்டிங்ஸில் மேப் பதிப்பு ஆண்டைப் பார்த்து, கடைக்காரர் தரப்போகும் டிஸ்க்கின் ஆண்டையும் கேட்டுக்கொள். அதில் மதனத்தூர்ப் பாலம் இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல். மாட்டேன் என்றால் பணம் கொடுக்கவேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடு. இரண்டு ஆண்டுகளையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வாத்தியார்