கட்டிலிலிருந்து கழிவறை வரை



தாத்தா பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். கீழே விழுந்தால் மட்டும் "வயசானா அப்படித்தான்"னு விட்டுடறோம். இது சரியா? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

இவர்களில் பலர் விழுவது ரோட்டில் அல்ல, சொந்த வீட்டில்! ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும் அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரம்தான் ரொம்ப ஆபத்து.

ஏன் விழுகிறார்கள்?

1. தலைச்சுற்றல்: படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். நம் உடம்பு சில விநாடிகளில் அதைச் சரிசெய்துவிடும். முதியவர்களுக்குத் தாமதமாகும். சில பிரஷர் மாத்திரைகளும் இதைக் கூட்டும்.

2. பார்வை: கண்புரை இருந்தால் மங்கலான வெளிச்சத்தில் படி தெரியாது.

3. கால் வலு: வயதாக ஆகத் தசை குறையும். தடுக்கினால் சமாளித்து நிற்க முடியாது.

நாம் விழுந்தால் முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவங்க எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருப்பதால் இடுப்பு எலும்பே முறியலாம். பிறகு ஆபரேஷன், படுக்கை, படுக்கைப் புண். தேறி வந்தாலும் 'மறுபடி விழுந்துடுவோமோ'ன்னு பயந்து நடப்பதைக் குறைப்பார்கள். அதனால் கால் இன்னும் பலவீனமாகும், மறுபடி விழுவார்கள்.

நாம் செய்யக்கூடியவை

* இன்று ராத்திரி, எப்போதும் எரியும் விளக்கு மட்டும் எரியட்டும். கட்டிலிலிருந்து கழிவறை வரை நீங்களே மெதுவாக நடந்து பாருங்கள். காலில் தட்டும் ஒயர், சாக்கு மிதியடி, செருப்பு, வாளி எல்லாவற்றையும் ஓரமாக எடுத்து வையுங்கள்.
* வழியில் ஒரு சின்ன பல்பு இரவு முழுக்க எரியட்டும். கழிவறை வெளியே இருந்தால் தலையணை பக்கத்தில் டார்ச் லைட் வையுங்கள்.
* பாத்ரூம் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.
* குழாயைப் பிடித்து எழுந்தால் அது தாங்காது. சுவரில் கைப்பிடி பொருத்த அப்பாவிடம் கேளுங்கள்.
* தேய்ந்துபோன ரப்பர் செருப்பை மாற்றச் சொல்லுங்கள்.
* எழுந்ததும் நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிஷம் உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள்.
* ராத்திரி எழ வேண்டுமே என்று சிலர் தண்ணீரே குடிப்பதில்லை. அதனாலும் தலை சுற்றும். பகலிலேயே போதுமான தண்ணீர் கொடுங்கள்.
* தலைச்சுற்றல் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

விழுந்துவிட்டால்?

பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். காலை அசைக்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் சாப்பிடக் குடிக்க எதுவும் தர வேண்டாம். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலும், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

முக்கியமான ஒன்று: பல பெரியவர்கள் விழுந்ததைச் சொல்லவே மாட்டார்கள். 'பிள்ளைங்க திட்டுவாங்க, வெளியே போக விடமாட்டாங்க' என்ற பயம்தான். பேரன் பேத்தி கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுப்பாடம்

1. "பாட்டி, இந்த மாசம் எங்கயாச்சும் தடுமாறினீங்களா?" என்று அன்பாகக் கேளுங்கள்.
2. உங்கள் வீட்டு வழியைப் படமாக வரைந்து, ஆபத்தான இடங்களில் சிவப்புப் புள்ளி வையுங்கள்.
3. அடுத்த வாரத்துக்குள் எத்தனை புள்ளிகளை அழித்தீர்கள்? படத்தை இந்தச் சுவரிலேயே ஒட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு