மழை வகுக்கும் பாதை

தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் ஆண்டு முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. மாட்டைப் போன்ற கொம்பும் குதிரையைப் போன்ற வாலும் கொண்ட மான் இனம் இது. வரிக்குதிரைகளும் இவற்றுடன் செல்கின்றன. இக்காட்சியைக் காண ஆடம்பரச் சுற்றுலா செல்ல விரும்புவோர், விடுதிக்கு முன்பு மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மந்தையை வரவழைக்க முடியாது. மழை பெய்து புல் முளைக்கும் இடத்திற்கே அது போகும்.

பிப்ரவரி வாக்கில் அவை தெற்குச் செரெங்கெட்டியில் கன்று ஈனுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் வளரும் குட்டைப் புல்லில், பாலூட்டும் தாய்களுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகுதி. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். கழுதைப்புலிகள் திரியும் இடத்தில் வேறு வழி ஏது?

ஜூலை முதல் அக்டோபர் வரை முதலைகள் நிறைந்த மாரா ஆற்றை மந்தைகள் கடக்கின்றன. பலரும் காண விரும்புவது இதைத்தான். சிக்கலும் இங்கேதான். கரையில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றால் மந்தை மிரண்டு, செங்குத்தான வேறு கரையில் இறங்கக்கூடும். எனவே, முன்பதிவின்போது கூடாரத்தின் வசதிகளைவிட, வழிகாட்டி வண்டியை எவ்வளவு தொலைவில் நிறுத்துவார் என்று கேட்பதே முக்கியம். மூன்று நான்கு நாள்களாவது தங்குவது நல்லது. சில நாள்களில் மந்தை கரைவரை வந்து, வெகுநேரம் நின்று, ஆற்றில் இறங்காமலேயே திரும்பிவிடும்.