மந்திரவாதியின் ஆற்றலும் அதன் எல்லையும்

(மூன்றாமாண்டு, இளங்கலைத் தமிழ்)

முன்னுரை

செத்தவரை எழுப்பி ஏவல் கொள்ளும் மந்திரவாதியைக் கேள்விப்படாத பிள்ளைகள் நம் திருநெல்வேலிச் சீமையில் இரார். பாட்டி சொன்ன கதையிலும், அம்புலிமாமாவின் பக்கங்களிலும், கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டிலும் அவனை நாம் சந்தித்திருக்கிறோம். அப்படி ஒருவனை நாமே புதிதாகப் படைக்க நேர்ந்தால், அவனுக்கு எவ்வாற்றல்களைக் கொடுப்பது, எவற்றை மறுப்பது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா பிறந்தது ஒரு விளையாட்டில். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் திருடனாகவும் மருத்துவச்சியாகவும் தம்மைப் பாவித்துப் பேசுவர். ஐயமான செயல்களின் முடிவை இருபது முகப் பகடை உரைக்கும். கூத்தும் கணக்கும் கலந்த கூட்டுக்கதை என்று இதனைச் சொல்லலாம். எங்கள் விடுதியில் நாங்கள் ஐவர் ஞாயிறு மாலைகளில் இதனை ஆடி வருகிறோம். கதைக்களம் திசையன்விளையும் அதனை அடுத்த செம்மணல் தேரியும் ஆகும். கதை நடத்துவதும் பகைவனைப் படைப்பதும் என் பொறுப்பு. அதன்பொருட்டு நம் பழங்கதைகளை ஆராய்ந்ததில் கண்டவற்றை ஈண்டுக் கூறுகிறேன்.

1. எல்லை

எல்லாம் வல்ல பகைவனை வைத்துக் கதை சொல்ல இயலாது. அவன் முதல் நாளே வென்றுவிடுவான். ஆகவே அவனால் செய்ய முடியாத ஒன்றிலிருந்துதான் கதை தொடங்குகிறது.

வேதாளக் கதையை எடுத்துக்கொள்வோம். பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இது இடம்பெற்றுள்ளது. அதில் வரும் துறவி நாள்தோறும் அரசனுக்கு ஒரு கனியைக் காணிக்கையாகத் தருகிறான். கனிக்குள் மணி ஒளிந்திருக்கிறது. இத்தனை செல்வமும் மந்திரமும் உடையவன் மரத்தில் தொங்கும் பிணத்தைத் தானே இறக்கி வரக் கூடாதா? கூடாது. அதற்கு அஞ்சாத ஒருவனுடைய தோள் வேண்டும். தன்னிடம் இல்லாத துணிவைப் பிறனிடம் கடன் வாங்க வேண்டிய நிலையில் அத்துறவி இருக்கிறான். பிணத்தைச் சுமக்கும் அரசன் வாய்திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும் என்பது இரண்டாவது எல்லை. இவ்விரண்டு எல்லைகளே இத்தனை கதைகளை ஈன்றன என்பதை மாணவ நண்பர்கள் கருத வேண்டும்.

2. உயிர்நிலை

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகையில் ஒரு கிளி. அக்கிளியில் மந்திரவாதியின் உயிர். இக்கதை நமக்கு மட்டும் உரியதன்று. 1868-இல் மேரி பிரையர் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் பஞ்ச்கின் என்னும் மந்திரவாதியின் உயிர் பச்சைக்கிளியில் இருக்கிறது. உருசிய நாட்டுக் கோசெய் என்பவனின் சாவு ஊசிமுனையிலும், ஊசி முட்டையிலும், முட்டை வாத்திலும், வாத்து முயலிலும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க ஆட்டத்திற்கு 1975-இல் வந்த துணைநூலில் தோன்றிய 'லிச்' என்னும் சாகாத மந்திரவாதியும், பின்னாளில் தன் உயிரை ஒரு பேழையில் ஒளித்துவைப்பவனாக வளர்ந்தான்.

இவ்வமைப்பின் நயம் யாது? வலிமை மிக்கவனை வலிமையால் வெல்ல வேண்டியதில்லை, அறிந்துகொண்டால் போதும். பஞ்ச்கின் கதையில் இரகசியத்தை அறிந்து சொல்பவள் அவனிடம் சிறைப்பட்ட பெண். வாளேந்த இயலாதவரும் பகைவனை வீழ்த்தலாம் என்பதே உயிர்நிலை நமக்குத் தரும் பாடம்.

3. விலை

1951-இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் வெளிவந்த 'பாதாள பைரவி'யில் எஸ். வி. ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதியை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். கேட்டதைத் தரும் சிலையைப் பெற அவன் ஒரு வீர இளைஞனைப் பலியிட்டாக வேண்டும். விலையைப் பிறர் தலையில் கட்டுகிறான், ஆதலின் தீயவனாகிறான். தன் உடைமையைக் கொடுத்து ஆற்றல் பெறுபவனிடம் நமக்கு இரக்கம் உண்டாகும். பிறர் உயிரைக் கொடுத்துப் பெறுபவனிடம் அச்சம் உண்டாகும். சிறந்த பகைவனிடம் இரண்டும் சற்றே கலந்திருத்தல் நன்று.

4. யாரைப் பகைவனாக்குவது?

இங்கே நாம் நின்று எண்ண வேண்டும். நம் பகுதியில் வில்லில் பாடப்படும் சுடலைமாடன் கதையில் மாடனை எதிர்ப்பவன் மலையாள நாட்டு மந்திரவாதி காளிப்புலையன். மாடனை அடக்க முனையும் அவன், முடிவில் தன் மகளையே பலியாக இழக்கிறான். கேட்போர் நெஞ்சு உருகும் இடம் அது. ஆயினும், அஞ்சத்தக்கவன் ஏன் அயல்நாட்டானாகவும் ஒடுக்கப்பட்ட குலத்தவனாகவும் இருக்க வேண்டும்? சமூகம் யாரைத் தள்ளிவைத்ததோ அவரிடமே இரகசிய ஆற்றல் இருப்பதாக அஞ்சியது என்பது என் எண்ணம்.

இதன் மறுபக்கத்தையும் காணலாம். திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1849-இல் இப்பகுதி மக்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்கள் வணங்கிய தெய்வங்களைப் பேய்கள் என்றே குறித்தார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்த பேரறிஞர் அவர். இருப்பினும் ஊரார்க்குக் காவலாக நின்றவன் அவர் கண்ணுக்குப் பேயாகத் தெரிந்தான்.

மாடனோ சுடுகாட்டில் பிணம் தின்றமையால் கயிலையிலிருந்து பூவுலகுக்கு அனுப்பப்பட்டவன் என்பது கதை. பிணவாடை வீசும் அவனே காவல் தெய்வம்! ஆகவே சுடுகாடு ஒருவனைத் தீயவனாக்குவதில்லை. குலமும் ஊரும் ஆக்குவதில்லை. செய்கை ஒன்றே ஆக்கும். என் மந்திரவாதிக்குக் குலம் குறிக்காமல் விட்டது இதனாலேயே.

5. எழுப்பப்படுவோர் யார்?

மேல்நாட்டு ஆட்டத்தில் எழுப்பப்பட்ட பிணங்கள் வெட்டுதற்குரிய கூட்டம். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. நம் மரபு வேறு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, தெய்வமாகவே பிறந்தோர் கதைகளையும், மனிதராகப் பிறந்து கொடுஞ்சாவுற்றுத் தெய்வமானோர் கதைகளையும் பிரித்துக் காட்டுகிறது. மாடுகளைக் கவர வந்தவர்களால் கொல்லப்பட்ட முத்துப்பட்டன், தாமிரபரணி மலைப்பகுதியில் உள்ள சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் படையல் பெறுகிறான். அகாலத்தில் இறந்தவர் நமக்குப் பகைவர் அல்லர். கடன் தீர்க்கப்பட வேண்டியவர்.

எங்கள் குழுவில் ஒருவர் உவரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருடைய சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மந்திரவாதி கடலில் மாண்டவர்களை எழுப்புவான் என்று நான் கதையைத் தொடங்கியபோது, அவர் மெல்லக் கேட்டார்: "அவங்களையும் நாமதான் வெட்டணுமாலே?"

அறையில் யாரும் பேசவில்லை. அவ்வினாவே எங்கள் பகைவனுக்கு இலக்கணம் வகுத்தது.

6. எங்கள் மந்திரவாதி

அவனுக்கு நான் வகுத்த விதிகள் இவை:

முதலாவது, இறந்தவரின் பெயரை அவரை நேசித்த ஒருவர் வாயால் கேட்டால்தான் எழுப்ப முடியும். ஆகவே அவன் துக்க வீடுகளுக்கு ஆறுதல் சொல்பவனாக வருவான். அவன் வாளோடு வருவதைவிட இது அச்சம் தருவது.

இரண்டாவது, ஓர் இரவில் எழுவரை மட்டுமே எழுப்பலாம். கோழி கூவினால் ஆற்றல் ஒடுங்கும்.

மூன்றாவது, ஒருவரை எழுப்புந்தோறும் தான் அறிந்த முகங்களில் ஒன்றை மறப்பான். இறந்த மனைவியை மீட்கவே இவ்வித்தையைக் கற்றான். இப்போது அவள் முகமே அவனுக்கு நினைவில்லை.

நான்காவது, அவன் உயிர்நிலை தேரிக்காட்டுப் பனை ஒன்றில் கட்டிய கலயம். ஆயிரம் பனைகளில் அதனை எவ்வாறு காண்பது? பதநீர்க் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவர். தடவாவிடில் புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்பு மணம் இல்லாத கலயமே அவனுடையது. இதனைப் பனையேறியாக ஆடுபவர் மட்டுமே உணர முடியும், வீரனால் இயலாது.

ஐந்தாவது, எழுந்தவரை வெட்டினால் மறுநாள் மீண்டும் எழுவர். பெயர் சொல்லி அழைத்து, அவர் விரும்பி உண்டதைப் படைத்தால் அமைதியாகத் திரும்பிப் போவர்.

ஆடத் தொடங்கிய மூன்றாம் வாரம், கடலிலிருந்து எழுவர் கரையேறினர். உவரி நண்பர் ஒருவர் பெயரைச் சொல்லி அழைத்தார்; சோறும் சாளைமீன் குழம்பும் படைப்பதாகச் சொன்னார். அந்த ஒரு செயலுக்கு மட்டும் நான் பகடை உருட்டச் சொல்லவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பகைவனைப் படைப்பார்க்கு மூன்று கேள்விகள் உள என்பது தெளிவாகும். அவனால் எது முடியாது? அவன் ஆற்றலின் விலையை யார் தருகிறார்? அவனை வெல்ல எளியவர்க்கு வழி உண்டா? இவற்றிற்கு விடை எழுதிய பின்னரே அவன் கையில் மந்திரக்கோலைக் கொடுக்க வேண்டும். இது சிறுகதைக்கும் நாடகத்திற்கும் பொருந்தும். கல்லூரி நாடக மேடைக்கு எழுதும் நண்பர்கள், தத்தம் ஊர்க் கொடையில் ஓரிரவு கண்விழித்து வில்லுப்பாட்டைக் கேட்டு வருவார்களாயின், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளப் பல விதிகள் அங்கே கிடைக்கும்.